முந்நூற்றுப் பதினேழு ஒன்றுகள்

"கண்ணுத்தையல் எங்கலே போட்ட?"

கரீம் பாட்சா இதைச் சும்மாதான் கேட்டார். ஓர் உருப்படி முடிகிற நாளில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வி. ஊசியைத் துடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டிருந்த முகம்மது ஹனீப்பும் பதினெட்டு வருஷமாகச் சொல்லும் பதிலையே சொன்னான்.

"அத சொன்னா பலிக்காதுல்லா மொதலாளி."

சிரித்துக்கொண்டே பொன்னாடையின் மேல் குனிந்த கரீம் பாட்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

தாராவியில் அவருடைய ஆரி பூத்தையல் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணியையும் முழு நேர்த்தியாக முடித்துக் கொடுப்பதில்லை. எங்காவது ஓரிடத்தில், யார் கண்ணுக்கும் தட்டுப்படாதபடி, ஒரு பூவைக் கூட்டியோ ஓர் இலையைக் குறைத்தோ விடுவார்கள். அதற்குப் பெயர் கண்ணுத்தையல். குறையே இல்லாமல் செய்கிறவன் அல்லாஹ் ஒருவன்தான் என்பது முதல் காரணம். உடுத்துகிறவர் மேல் ஊர்க்கண் படக் கூடாது என்பது இரண்டாவது. கல்யாணப் பாவாடையில் ஓர் இலை கூடிவிட்டது என்று இதுவரை எந்தக் கல்யாணமும் நின்றதில்லை.

ஆனால் இந்தப் பொன்னாடையில் பூ இல்லை, இலை இல்லை, மயில் இல்லை. இருந்ததெல்லாம் ஒன்று. அதாவது, எண் ஒன்று. நகக்கண் அளவில், தங்க ஜரிகையில், கரையைச் சுற்றி இரண்டு சுற்றாகக் கொடிபோல ஓடும் முந்நூற்றுப் பதினேழு ஒன்றுகள்.

"ஏலே, ஒரு ஒண்ணக் கூடப் போட்டியா?"

"வேற என்னத்த மொதலாளி போட? அதுல வேற என்ன இருக்கு?" என்றான் ஹனீப் வெகுளியாக.

கரீம் பாட்சா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அணுசக்தி நகரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஜாக்குலின் என்று பெயர். அவளுடைய அப்பா விஞ்ஞானி, பணி ஓய்வு பெறுகிறார், செம்பூரில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. கடையில் விற்கிற பொன்னாடையைப் போர்த்தினால் அப்பா அதை அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்திவிடுவார். அதனால் அவருக்கென்றே ஒன்று செய்ய வேண்டும், அதில் அவருக்கு உயிராக இருக்கும் ஓர் எண்ணைத் தைக்க வேண்டும் என்றாள்.

எண் என்றதும் கரீம் பாட்சா ஏதோ பிறந்த தேதி என்று நினைத்துத் துண்டுத்தாளை எடுத்தார். அவள் ஒரு முழுப் பக்கத்தை நீட்டினாள். பக்கம் முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. அச்சு எந்திரம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அவர் முதலில் எண்ணினார்.

பத்துப் பத்தாக அடுக்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். அவள் சிரித்தாள். பத்தாக அடுக்கினால் ஏழு மிஞ்சும், பன்னிரண்டாக அடுக்கினால் ஐந்து மிஞ்சும், எப்படி அடுக்கினாலும் கடைசி வரிசை குறைப்பட்டுத்தான் நிற்கும் என்றாள். அதோடு, இது முந்நூற்றுப் பதினேழு எண்கள் இல்லை, அத்தனை இலக்கம் உள்ள ஒரே எண். அதை உடைக்காமல் ஒரே வரியில் ஓட்ட வேண்டும்.

"இதுக்குப் பேரு என்னம்மா? கோடியா?"

"கோடியெல்லாம் எட்டு இலக்கத்துல முடிஞ்சிரும் அங்கிள். இதுக்குப் பேரே கெடையாது. ஆனா ஒண்ணையும் இதையும் தவிர வேற எந்த எண்ணாலயும் இத மிச்சமில்லாம வகுக்க முடியாது. அதுதான் இதோட கெத்து."

எட்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்த கரீம் பாட்சாவின் மூளைக்குள் எங்கோ ஒரு மூலையில் தூசி தட்டிக்கொண்டு ஒரு சொல் எழுந்தது. பகா எண். அதைச் சொன்னதும் ஜாக்குலின் முகம் மலர்ந்துவிட்டது. வெறும் ஒன்றுகளையே வரிசையாக எழுதினால் கிட்டத்தட்ட எல்லாமே எதனாலாவது உடைந்துவிடும் என்று அவள் விளக்கினாள். இரண்டு ஒன்று போட்டால் பதினொன்று, அது உடையாது. அப்புறம் பத்தொன்பது ஒன்றுகள். அப்புறம் இருபத்து மூன்று. அதற்குப் பிறகு முந்நூற்றுப் பதினேழு வரைக்கும் வரிசையாக அத்தனையும் உடைகிற எண்கள்தான். பல வருஷம் கழித்துத்தான் இது உடையாது என்றே கண்டுபிடித்தார்களாம்.

"அதனால ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது அங்கிள். கூடுனா மூணால வகுபடும். கொறஞ்சா பதினொண்ணால வகுபடும். அப்பாவப் பொறுத்தவர அது வெறும் கோடு போட்ட துணி."

"மேடையில வெச்சு எண்ணியா பாக்கப் போறாரு?"

"கல்யாண வீட்டுக்குப் போனா பந்தல்ல எத்தன பல்புன்னு எண்ணுறவரு. இத எண்ணாம விடுவாரா? பேரு தனசீலன். முன்னாடி தாராவியிலதான் இருந்தாங்களாம்."

கரீம் பாட்சாவின் கையிலிருந்த அளவு நாடா கீழே விழுந்தது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தனசீலனும் அவரும் ஒரே சந்தில் அடுத்தடுத்த வீடு. இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு சைக்கிளில் சுற்றியவர்கள். ஒரு வருஷம் சந்துகளுக்கிடையே கேரம் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் தனசீலன் ஆடினான், கரீம் நடுவர். கடைசிப் பலகையில் தனசீலன் சிவப்பையும் தன் காயையும் போட்டு முடித்தபோது, எதிராளியின் காய்கள் எத்தனை மிச்சம் என்று எண்ணி அத்தனை புள்ளி கொடுக்க வேண்டும். கரீம் நாலு என்றார். தனசீலன் ஐந்து என்றான். அதற்குள் யாரோ காய்களை வழித்துப் பையில் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு புள்ளியில் கோப்பை அடுத்த சந்துக்குப் போனது.

"பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதவன எவன்லே நடுவரா உக்கார வெச்சது?" என்று சந்தே கேட்கும்படி தனசீலன் கத்தினான்.

அன்றோடு பேச்சு முறிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாலா அஞ்சா கரீமு. தனசீலன் வேலை கிடைத்து அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான். அவன் வைத்துவிட்டுப் போன பெயர் போகவில்லை. இன்றைக்கும் சந்தைக்குப் போனால் யாராவது ஒரு கிழவர், "என்ன பாய், தக்காளி நாலு கிலோவா, அஞ்சா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். கரீம் பாட்சா எத்தனையோ தடவை அந்தப் பலகையை மனத்துக்குள் விரித்து எண்ணிப் பார்த்திருக்கிறார். நாலுதான். சத்தியமாக நாலுதான்.

ஜாக்குலினிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. நாடாவைக் குனிந்து எடுத்துக்கொண்டு, "நான் செஞ்சு தாரேன்மா" என்றார். எண்ணட்டும். மேடையில் நின்று, ஊர் பார்க்க, முதல் ஒன்றிலிருந்து கடைசி ஒன்று வரை எண்ணட்டும். எண்ணி முடித்துவிட்டு, இதைச் செய்தவன் யார் என்று கேட்கட்டும். அதற்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

இப்போது முந்நூற்றுப் பதினெட்டு. மூன்றால் வகுபடும்.

புதன்கிழமை மத்தியானம். ஜாக்குலின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள். நேரம் இருந்தது. கரீம் பாட்சா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளேடை எடுத்து, வரியின் கடைசியில் இருந்த ஒன்றைத் தன் கையாலேயே நூல் நூலாகப் பிரித்தெடுத்தார். ஊசி போன துளை தெரியாதபடி ஆவி காட்டி நீவிவிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அரை டம்ளர் கட்டிங் சாய் குடிக்கப் போயிருந்த ஷகீல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பட்டறையின் இரண்டாவது தையல் கைக்காரன்.

"என்ன மொதலாளி பண்ணுதிய?"

"இவன் போட்ட கண்ணுத்தையல எடுத்தேன்."

"நானும் போட்டனே மொதலாளி."

வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று ஒரு முனையிலிருந்து ஹனீப்பும் மறுமுனையிலிருந்து ஷகீலும் தைத்துக்கொண்டு வந்தார்கள். அவனவன் பங்குக்கு அவனவன் கண்ணுத்தையல். ஹனீப் கூட்டுகிற கட்சி. ஷகீல் குறைக்கிற கட்சி. கூட்டினால் ஜரிகை வீணாகும் என்பது அவன் கொள்கை.

அப்படியென்றால் ஒன்று கூடி, ஒன்று குறைந்து, எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. சரியாக இருந்ததைத்தான் முதலாளி பிளேடு வைத்துக் கெடுத்திருக்கிறார். இப்போது முந்நூற்றுப் பதினாறு. பதினொன்றால் வகுபடும்.

"தைலே" என்றார் கரீம் பாட்சா. ஹனீப் பிரித்த இடத்திலேயே மறுபடி ஒன்றைத் தைத்தான். கணக்குப்படி இப்போது எல்லாம் சரி. ஆனால் கரீம் பாட்சாவின் நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒன்று கழன்றுவிட்டது. இவன் பங்கை இவன் ஒழுங்காக எண்ணினானா? அவன் பங்கை அவன்? இனிமேல் யார் சொல்லையும் நம்பக் கூடாது, தானே எண்ணிவிடுவது என்று தீர்மானித்தார். நடுவர் வேலைக்கு அவர் முப்பத்தைந்து வருஷம் கழித்துத் திரும்பினார்.

எண்ணுவது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். பட்டுத்துணியில் சாக்குக்கட்டி படக் கூடாது, கறை நிற்கும். குண்டூசி குத்தக் கூடாது, ஓட்டை விழும். விரலால் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். அத்தனையும் ஒரே முகம், ஒரே உயரம், விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று ஒன்றோடொன்று கலந்துவிடும். முதல் தடவை முந்நூற்றுப் பதினைந்து வந்தது. இரண்டாம் தடவை முந்நூற்றுப் பத்தொன்பது. மூன்றாம் தடவை இருநூற்று நாற்பதில் சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நாலாம் தடவை ஒரு அம்மாள் வந்து பிளவுஸ் தைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். "இருநூத்திப் பன்னெண்டு" என்றார் கரீம் பாட்சா நிமிராமலே. அந்த அம்மாள் போனவள் போனவள்தான்.

வியாழக்கிழமை காலையில் மருமகள் சஃப்ரீன், விக்ரோலியில் உள்ள அம்மா வீட்டுக்குப் புறப்பட்டு இறங்கி வந்தவள், மாமனார் படும் பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பொன்னாடையை ஃபோனில் படம் பிடித்தாள். ஃபோனிடமே கேட்டால் எண்ணிச் சொல்லிவிடுமாம். ஃபோன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அழகான கைவேலைப்பாடு, சுமார் முந்நூறு என்றது. கரீம் பாட்சா பல்லைக் கடித்துக்கொண்டார். சுமார் முந்நூறு என்று சொல்ல அவருக்கு ஃபோன் தேவையில்லை. சஃப்ரீன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஓர் அருமையான யோசனை வந்தது. ஒவ்வொரு ஒன்றின் மேலும் ஒரு பொட்டுக்கடலையை வைத்துக்கொண்டே போவது. எல்லாவற்றுக்கும் வைத்து முடித்ததும் கடலையை வழித்து, பாத்திரத்தில் போட்டு, பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணிவிடலாம். கறை படாது, ஓட்டை விழாது. ஒரு மணி நேரம் குனிந்தபடி வைத்து முடித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. வழித்து எண்ணினால் முந்நூற்று ஒன்பது.

சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஷகீலின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"டைம்பாஸுக்கு நாலஞ்சு வாயில போட்டேன் மொதலாளி."

"நாலா, அஞ்சா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்வி தன் காதில் விழுந்ததும் கரீம் பாட்சா தலையில் கை வைத்துக்கொண்டார். தனசீலன் கெக்கலி கொட்டிச் சிரிப்பது மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க அவர் மனைவி நூர் நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. பட்டறைக்கு மேலேதான் வீடு. இரண்டு நாளாகக் கீழே என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியும். கையைக் கழுவிவிட்டு வாங்க என்று சொல்லி, தன் தஸ்பீஹ் மாலையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஏணிப்படியில் இறங்கினாள். தொழுதுவிட்டு ஓதும்போது உருட்டுகிற தொண்ணூற்றொன்பது மணி மாலை. ஹஜ்ஜுக்குப் போன அவள் அண்ணன் கொண்டுவந்தது. போன ரமலானில் அறுந்து வீடெங்கும் சிதறி, சஃப்ரீன் பொறுக்கியெடுத்து நீல நூலில் கோத்துக் கொடுத்திருந்தாள்.

"நூரு, இதுல போயி துணிய எண்ணலாமா? பாவமில்லியா?"

"எண்ணத்தானே இது இருக்கு. பொய் சொன்னாத்தான் பாவம். நீங்க வெரல வெச்சுக்கிட்டே போங்க, நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி தள்ளுதேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. ஷகீலு, நீ வெளிய போ."

ஷகீல் வெளியே போனான். அவர் விரல் நகர்ந்தது, அவள் விரல் மணியைத் தள்ளியது. மாலை ஒரு சுற்று வந்து பெரிய மணியில் முட்டியதும் ஹனீப் சுவரில் ஒரு கோடு போட்டான். இரண்டாம் சுற்று, இரண்டாம் கோடு. மூன்றாம் சுற்று முடிந்தபோது இருநூற்றுத் தொண்ணூற்றேழு. மிச்சம் இருபது இருந்தால் முடிந்தது கதை. இருபதாவது மணி நகர்ந்தது. துணியில் இன்னும் ஒன்று இருந்தது. அதற்கப்புறம் இன்னொன்று. அதற்கப்புறமும் ஒன்று.

முந்நூற்று இருபது.

மறுபடி எண்ணினார்கள். முந்நூற்று இருபது. மூன்றாவதாக மறுமுனையிலிருந்து எண்ணினார்கள். முந்நூற்று இருபது. அந்தத் துணியை இரண்டு முறை எண்ணி ஒரே விடை வந்தது அதுதான் முதல் தடவை, இதில் மூன்று முறை வந்துவிட்டது. இதை இப்படியே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கரீம் பாட்சாவுக்குப் பயமாக இருந்தது.

ஹனீப் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வருஷத்தில் தான் மூன்று தையல் தவறியதே கிடையாது என்றான். குர்ஆன் மேல் கை வைக்கவும் தயார் என்றான்.

"நீ தப்பு பண்ணுவ, நான் தப்பு பண்ணுவேன், அவன் கடலையத் தின்னுவான்" என்றார் கரீம் பாட்சா. "மணி தப்பு பண்ணாதுலே. பிரி."

ஹனீப் கண் கலங்கியபடி கடைசி மூன்று ஒன்றுகளைப் பிரித்தான். தன் கையால் போட்டதைத் தன் கையாலேயே அறுப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அன்றைக்கு யோசித்திருக்கிறான். ஆவி காட்டி, நீவி, மறுபடி மாலையை எடுத்தார்கள். மூன்று சுற்று, மேலே இருபது. முந்நூற்றுப் பதினேழு. இன்னும் இரண்டு தடவை எண்ணினார்கள். முந்நூற்றுப் பதினேழு, முந்நூற்றுப் பதினேழு.

கரீம் பாட்சா அந்த மாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாயங்காலம் ஜாக்குலின் வந்து பொன்னாடையைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்து நின்றாள். எண்ணினீர்களா என்று கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முந்நூற்றுப் பதினேழு என்று அவரே சொன்னார். நீங்கள் எல்லோரும் விழாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை செம்பூர் மண்டபத்தில் கடைசி வரிசையில் கரீம் பாட்சா, நூர் நிஷா, நேராக விக்ரோலியிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட சஃப்ரீன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தனசீலன். தலை நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்து, ஆனால் அதே மூக்கு. மண்டபத்து விளக்குகளை அண்ணாந்து பார்த்தபடி அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் என்று கரீம் பாட்சாவுக்குத் தெரிந்தது.

ஐந்தாறு பேர் பேசி முடித்ததும் ஜாக்குலின் பொன்னாடையை விரித்து அப்பாவுக்குப் போர்த்தினாள். தனசீலன் வழக்கம்போலச் சிரித்து, கும்பிட்டு, அதைக் கழற்றப் போனவர் கரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். மண்டபம் இருப்பதையே மறந்துவிட்டவர்போல, மூலையில் இருந்த முதல் ஒன்றின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார்.

விரல் நகர்ந்தது. பத்து இருக்கும். இருபது இருக்கும். கரீம் பாட்சா நூர் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பதைத் தாண்டும்போது ஜாக்குலின் மைக்கில், இது அப்பாவுக்குப் பிடித்த எண், இதைத் தைத்துக் கொடுத்தவர் தாராவி கரீம் பாட்சா அங்கிள், அவரும் வந்திருக்கிறார் என்றாள்.

விரல் நின்றது.

"எந்தக் கரீமு?" என்றார் தனசீலன். "நாலா அஞ்சா கரீமா?"

கூட்டத்தில் பழைய தாராவிக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் கரீம் பாட்சா எழுந்து நின்றார். என்னென்னவோ பேச வேண்டும் என்று மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"நாலுதான்."

தனசீலன் கையை அசைத்தார்.

"மேல ஏறி வாலே."

ஏறிப் போனார். பக்கத்தில் நின்று பார்த்தபோது இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது இரண்டு பேருக்கும் தெரிந்தது. தனசீலனின் விரல் இன்னும் அந்த நாற்பது சொச்சத்தாவது ஒன்றின் மேலேயே இருந்தது.

"எண்ணுனியா?"

"மூணு தடவ. மூணு தடவையும் முந்நூத்திப் பதினேழு."

தனசீலன் விரலை எடுத்துவிட்டார். பொன்னாடையை எடுத்து மறுபடியும் தானே தோளில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார். ஜாக்குலின் நம்ப முடியாமல் அப்பாவைப் பார்த்தாள். வாழ்நாளில் எண்ணத் தொடங்கிய எதையும் அவர் பாதியில் விட்டதில்லை.

"முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால நாலு பேருக்கு மத்தியில இவனுக்கு எண்ணத் தெரியாதுன்னு சொன்னேன். சொன்னது தப்பு. இன்னைக்கு நானூறு பேருக்கு மத்தியில அத வாபஸ் வாங்குதேன். இவன் எண்ணுனா போதும். நான் எண்ண வேண்டாம்."

கரீம் பாட்சா அழுதுவிட்டார். மேடை, கூட்டம், மருமகள் எதையும் அவர் பார்க்கவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு போன அடுத்த சந்தைக்கூட அந்த நிமிஷத்தில் மன்னித்துவிட்டார். தனசீலன் அவர் தோளில் கை போட்டு, எப்படிடா எண்ணினாய், இதை எண்ணுவது லேசு இல்லையே என்று கேட்டார். கரீம் பாட்சா முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணியது தான் மட்டும் இல்லை என்று சொல்லி, மனைவியை மேலே கூப்பிட்டார்.

நூர் நிஷாவுக்கு மேடை புதிது. ஆனாலும் யாரோ கையில் மைக்கைக் கொடுத்ததும், நடந்ததை நடந்தபடி சொன்னாள். தஸ்பீஹ் மாலையைப் பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். முதலில் முந்நூற்று இருபது வந்ததையும், கைக்காரன் அழ அழ மூன்றைப் பிரித்ததையும், பிறகு மூன்று சுற்றும் மேலே இருபதும் வந்ததையும் சொன்னாள். கூட்டம் கை தட்டியது.

தனசீலனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "தொண்ணூத்தொம்பது மூணு, இருநூத்தித் தொண்ணூத்தேழு. மேல இருவது. முந்நூத்திப் பதினேழு. பக்கா" என்றார். இதைவிட நம்பகமான முறை தனக்கே தோன்றியிருக்காது என்றும் சொன்னார்.

மேடைக்கு அருகில் நின்று எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்த சஃப்ரீனுக்கு இந்தக் கதையெல்லாம் புதிது. இரண்டு நாளாக அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஃபோனை மெதுவாக இறக்கினாள். நூர் நிஷாவின் கையில் மைக் இன்னும் இருந்தது.

"மாமி, அந்த மால அறுந்தன்னைக்கு தொண்ணூத்தெட்டு மணிதானே கெடச்சுது? பீரோவுக்கு அடியில போன ஒண்ணு இன்னைக்கு வரைக்கும் வரவே இல்லியே."